ஓரகத்தி அடுக்களை

மடிக்கணினியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாரும்மா? விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார் பூட்டக்கா. ஒரே கணினியில் இந்த இரண்டு இயங்குதளங்களையும் குடிவைத்து, வேண்டியதில் 'பூட்' செய்துகொள்ளும்படி அமைத்துத் தருவதில் கைராசிக்காரர். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பூட்டு ரிப்பேர் கடை என்று நினைத்துச் சாவியோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் சும்மா அனுப்புவதில்லை. பூட்டில் துளி எண்ணெய் விட்டுக் கொடுப்பார்.

கடையில் பாதிதான் அவருடையது. மறுபாதியில் அவருடைய ஓரகத்தி தையல் வேலை செய்கிறார். நடுவே தடுப்புக் கிடையாது. கத்தரிக்கோல் இந்தப் பக்கம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் அந்தப் பக்கம் பிணையாகப் போகும்.

அன்று என் விசைப்பலகையை மாற்றக் காத்திருந்தேன். நாடகக் குழுவின் ஒலியமைப்பாளர் மடிக்கணினியைக் குழந்தைபோல் அணைத்தபடி ஓடிவந்தார். ஆறு மணிக்கு நாடகம், அப்போதே நாலரை. இடி, மழை, யானை, எல்லாச் சத்தங்களும் விண்டோஸ் பகுதியில் மாட்டிக்கொண்டிருந்தன. விண்டோஸ் எழுந்திருக்கவில்லை. லினக்ஸ் எழுந்தது; ஆனால் அந்தப் பகுதியைத் திறக்கச் சொன்னால் முடியாது என்றது.

"எதையாவது அழிச்சாவது தொறங்கக்கா! இடியே இல்லாம எப்படி மழை பெய்யும்?"

பூட்டக்கா நான்கு வரி தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணும் ஆகல தம்பி. நீங்க முழுசா அணைக்கல, அது அரைத்தூக்கத்துல கெடக்கு. இப்ப உள்ள போய் எதையாவது மாத்தி வச்சா, முழிச்சதும் அதுக்குத் தலைகால் புரியாது. இருக்கறதும் போயிடும்."

"அப்ப என் கதி?"

"ஓரகத்தி அடுக்களைன்னு வச்சுக்குங்க. எட்டிப் பாக்கலாம், என்ன செஞ்சிருக்கான்னு எழுதிக்கிட்டு வரலாம். உப்பு மட்டும் போடக் கூடாது."

"உப்பே போடாம சமைக்கறவங்க பேசறாங்க பாருங்க!" என்றது தையல் பக்கம்.

படிக்க மட்டும் அனுமதி என்ற நிபந்தனையோடு அந்தப் பகுதியை இணைத்தார் பூட்டக்கா. கோப்புகள் பொலபொலவென்று திரையில் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் நகலெடுத்தார். "சரியா வந்திருக்கான்னு கேட்டுடுவோம்" என்று ஒன்றை அமுக்கினார்.

கடையே அதிர இடி இடித்தது.

ஓரகத்தி போட்டது போட்டபடி வாசலுக்குப் பாய்ந்து, கொடியில் தொங்கிய துணிகளை வாரி அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து யானை பிளிறியது. அவர் துணிக் குவியலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எனக்கு விலா வலித்தது.

ஒலியமைப்பாளர் கணினியை வாங்கிக்கொண்டு நடனமாடாத குறையாகப் படியிறங்கினார். "நாடகம் முடிஞ்சதும் கொண்டாங்க, தூங்கறத பக்குவமா எழுப்பிடலாம்!" என்று பூட்டக்கா பின்னாலேயே கத்தினார்.

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, அந்த யானைய இன்னொரு வாட்டி கேக்கணும் போல இருக்கு."

கணினி தெருமுனை தாண்டியிருந்தது. பூட்டக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். வலக்கையை மூக்கருகே தும்பிக்கையாக வளைத்து, கண்ணை மூடி, தெருவில் போனவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பிளிறு பிளிறினார்.