பொட்டு வைத்த ஷாஃப்ட்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பத்மினி கார் இருந்தது. இத்தாலிக்காரன் வடிவமைத்துக் கொடுத்த வண்டி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த இத்தாலிக்காரன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பாள் அம்மா. ஏனென்றால் அப்பா அதற்குள் உட்கார்ந்திருந்ததைவிட அதன் அடியில் படுத்திருந்ததுதான் அதிகம்.

அது போதாதென்று, உதிரி பாகத்துக்காக இன்னொரு பத்மினியையும் வாங்கிப் போட்டிருந்தார். அதில் எஞ்சின் கிடையாது, கோழிகள் அடையும். ஓடுகிற வண்டிக்கு ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். கோழி வண்டி பின்னால் வந்த மாடல், அதற்குத் தரையில் கியர். மற்றபடி இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆயுத பூஜை நெருங்கும்போது, ஓடுகிற வண்டியின் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. எஞ்சின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள இரும்புக் குழாய் அது. சித்தப்பா ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்தார். அவர் வளைந்ததைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா கோழி வண்டியின் ஷாஃப்டையும் கழற்றிப் பக்கத்தில் போட்டார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. போல்ட் ஓட்டைகூட ஒன்றுதான். கோழி வண்டியுடையது கொஞ்சம் நீளம். ஆனால் முனை உள்ளே போய் வெளியே வருவதால் கையில் வைத்து அளந்தால் தெரியாது என்றார் சித்தப்பா. அதனால், பூஜைக்கு வைத்துவிட்டு மாட்டும்போது குழம்பாமல் இருக்க, சரியானதில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு வைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. அம்மா ஸ்பேனர், ஜாக்கி, சைக்கிள், கிரைண்டர், என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஷாஃப்ட் இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். ஆளுக்கொரு பொட்டு.

மறுநாள் விஜயதசமி. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தை அப்பாவுக்குத் தங்கை. செல்போன் கம்பெனியில் பாகம் பொருத்துகிற லைனில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று வீடே பயந்துகொண்டிருந்தது. ராகு காலத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுக் கண்டிஷன். சொந்தக் காரில் வருகிறோம் என்பது அப்பா தானாகக் கொடுத்த வாக்கு.

விடிந்ததும் சித்தப்பா ஷாஃப்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணி, இதுல சாக்பீஸ் போட்டிருந்தேனே, இன்னா ஆச்சு?"

"தொடச்சிட்டேன். சாமிக்கு அழுக்கோடவா வெப்பாங்க?"

"அது அழுக்கு இல்ல அண்ணி, அடையாளம்!"

"எனக்கு இன்னா தெரியும்? புள்ள கிறுக்கி வெச்சுதுன்னு நெனச்சேன்."

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். "டேய், நீ தெனம் கார் செய்யறவன்தானே? பாத்தா தெரியல?"

"கதவுக்கு ரப்பர் மாட்டறவரப் போய்க் கேக்குறீங்களே" என்றாள் அம்மா.

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டையும் மாறிமாறித் தூக்கிப் பார்த்து, "இதான்" என்றார். மாட்டினார்கள். அப்பா கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழம் நன்றாகவே நசுங்கியது. எல்லோரும் பட்டுடுத்தி ஏறினோம். எங்கள் மண்ணூர் தெருமுனை டீக்கடைவரை வண்டி போனது. அங்கே காலுக்கடியில் டங் டங்கென்று இடி.

டீக்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, உள்ள வுடச் சொல்லி அடியில யாரோ கதவத் தட்டிகினு கீறாங்க!"

தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். "ஷேர் ஆட்டோல போயிடலாங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி ஷேர் ஆட்டோல இருந்து எறங்குறதா? மானம் போயிடும்!" அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் வண்டியடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து வந்த வார்த்தைகளை நல்ல நாளில் எழுதக் கூடாது.

அம்மாவும் சித்தப்பாவும் யார்மேல் தப்பு என்று கத்திக்கொண்டிருக்க, அத்தை மட்டும் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். முருகா, எங்க வண்டி ஓடணும், அத்தைக்குக் கல்யாணம் ஆகணும் என்று வாய்விட்டே வேண்டினேன். அத்தை கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கண்ணில் தண்ணீர். ஒருத்தருக்கு இரண்டு பேர் வேண்டினால் சாமி சீக்கிரம் கேட்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது ஷாஃப்ட் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்தார், வெண்ணெய் மாதிரி ஓடியது. எல்லோரும் மறுபடி ஏறும்போது போன் வந்தது. ராகு காலம் பிறந்துவிட்டது, சகுனமே சரியில்லை, நாங்கள் கோயிலை விட்டுக் கிளம்பிவிட்டோம், இனி வேண்டாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்பா எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை பட்டுப்புடவையை மாற்றி, கம்பெனி கோட்டும் ஐடி கார்டும் மாட்டிக்கொண்டு வந்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டு இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறாளாம். தலையில் இருந்த மல்லிகையை எடுத்து எனக்கு வைத்துவிட்டாள்.

"ஏண்டி அழுவுற? அதான் சாமி கேட்டுக்கிச்சே" என்று என் காதருகே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சாமி எங்கே கேட்டது என்று எனக்கு ஒரே ஆத்திரம். அந்த வருடம் முழுக்க நான் முருகனோடு பேசவே இல்லை.