ஆறாம் கட்டிலின் முகவரி

அந்த மருத்துவமனையில் அவனைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பர்மனென்ட் என்று கேட்டால் வாசல் காவலாளியே வழி காட்டுவார். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு இந்தப் பட்டம் சூட்டியவர் இதயப் பிரிவின் தலைமை நர்ஸ். "ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் நிரந்தர முகவரி குடுக்கிறான், இவன் மட்டும் இன்னும் ஒப்பந்தத்துல கெடக்கிறான்" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது.

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார் மாமனார். கொடுத்த பிறகு வேறு சந்தேகம் வந்துவிட்டது. "நாள் முழுக்க ஒயரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது என்ன வேலை மாப்பிள்ளை? எதையாவது தூக்கி எதுலயாவது வச்சாத்தானே வேலை?" என்பார். அவர் வாழ்நாள் முழுவதும் மரக்கடையில் கட்டை தூக்கியவர்.

அந்த மாமனார்தான் இப்போது ஆறாம் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சுவலி என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

இதயப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர் உண்டு. நோயாளி பயந்துவிடக் கூடாது என்று அதன் ஒலியைக் குறைத்து வைத்திருப்பார்கள். எல்லாத் துடிப்பும் நர்ஸ் மேசையில் உள்ள பெரிய திரைக்கு வந்து சேரும். எந்தத் துடிப்பு எந்தக் கட்டிலுடையது என்று அந்தத் திரைக்கு எப்படித் தெரியும்? மானிட்டரின் நெட்வொர்க் முகவரியை வைத்துத்தான். முன்பெல்லாம் அந்த முகவரியைக் கையால் தட்டி ஏற்றுவார்கள். ஓர் எண் தவறினால் இரண்டு மானிட்டர்கள் ஒரே முகவரிக்கு மல்லுக்கட்டும். தானாகவே கொடுக்கும்படி சர்வர் என்ற மையக் கணினியிடம் விட்டாலோ, அது கைக்கு வந்ததைக் கொடுக்கும்; இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. பர்மனென்ட் இரண்டுக்கும் நடுவே வழி கண்டான். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இருக்கும் நெட்வொர்க் கார்டில், தயாரித்த இடத்திலேயே பதித்த எண் ஒன்று இருக்கும். இந்த எண்ணுள்ள கார்டு வந்து கேட்டால் இந்த முகவரியை மட்டும் கொடு என்று சர்வருக்குச் சொல்லி வைத்தான்.

"இனிமே கரண்ட் போய் வந்தாலும் சரி, மெஷினை அணைச்சுப் போட்டாலும் சரி, நாலு நாலுதான், ஆறு ஆறுதான்" என்று தலைமை நர்ஸிடம் மார்தட்டியிருந்தான்.

அன்று மதியம் மாமனாருக்கு மாற்றுத்துணி கொண்டுவந்தவன் மேசையருகே நின்றிருந்தான். திரையில் நாலாம் கட்டிலின் துடிப்புக் கோடு திடீரென்று தறிகெட்டது. தலைமை நர்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு நாலுக்கு ஓடினார். அங்கே லாரி டிரைவர் ஒருவர் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்ணுது உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா? பசிக்குது."

"அப்ப ஒயர்தான் லூஸ்" என்று நர்ஸ் அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயரைக் கழற்றினார்.

திரையில் நாலாம் கட்டில் அடங்கவில்லை. ஆறாம் கட்டிலின் கோடு படுத்துவிட்டது.

மேசையருகே நின்ற பர்மனென்ட் அதைப் பார்த்தான். மாமா போய்விட்டார் என்றே நினைத்தான். அதற்குள் நர்ஸ் ஒயரை மறுபடி ஒட்டினார். ஆறாம் கோடு எழுந்து நடந்தது. கழற்றினால் படுக்கிறது, ஒட்டினால் எழுகிறது. நாலில் கை வைத்தால் ஆறு அசைகிறது. அப்படியானால் நாலில் கூத்தாடுகிற துடிப்பு யாருடையது?

"சிஸ்டர், நாலு இல்ல. ஆறு. ஆறுக்குப் போங்க."

"ஆறு நல்லாத்தானே காட்டுது?"

"காட்டுறது பொய். தயவுசெஞ்சு போங்க."

நர்ஸ் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பாய்ந்து ஆறாம் கட்டிலின் திரைச்சீலையை இழுத்தார். மாமனாரின் முகம் வியர்வையில் நனைந்து வெளுத்திருந்தது. விழி மேலே செருகியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்ட குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. யாரோ அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். மாற்றுத்துணிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றான். உள்ளே "விலகுங்க" என்று ஒரு குரல், பிறகு பொத்தென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப் பார்த்தான்.

டாக்டர் வெளியே வந்து, "பிழைச்சிட்டார்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நேரே கருவிப் பழுது பார்க்கும் அறைக்குப் போனான். அங்கிருந்தவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்பார்கள்.

"அண்ணே, இன்னைக்கு நாலையும் ஆறையும் கழட்டினீங்களா?"

"ஆமா தம்பி, காலையில தூசி தட்டினேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கார்டை உருவித் துடைச்சு மாட்டினேன். ஏன்?"

"எதை எதுல மாட்டினீங்க?"

"ரெண்டும் ஒரே மாடல்தானே, எதை எதுல மாட்டினா என்ன?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. கட்டிலுக்கு நிரந்தரம் கொடுத்ததாக அவன்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். கொடுத்தது கார்டுக்கு. கார்டு இடம் மாறியதும், நல்ல பிள்ளையாக முகவரியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சர்வர் தப்புச் செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தது.

தலைமை நர்ஸிடம் போய் ஒளிக்காமல் சொன்னான். "இப்ப சரி பண்ணு. பண்ணினது சரின்னு எனக்குக் காட்டு" என்றார் அவர். பர்மனென்ட் என்று கூப்பிடவில்லை.

சர்வரில் இரண்டு எண்களையும் மாற்றி எழுதினான். நர்ஸ் பக்கத்தில் நிற்க, இரண்டு மானிட்டர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டான். நெஞ்சு ஒயரைத் தொடாமல், லாரி டிரைவரின் விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப்பை மட்டும் கழற்றியதும் திரையில் நாலாம் கட்டிலின் நாடிக்கோடு படுத்தது. அடுத்தது ஆறு. ஆறாம் கட்டிலருகே இருந்த டாக்டர் சரி என்று தலையசைத்தார்.

மாமனார் கண் திறந்திருந்தார். குரல்தான் நூலாக வந்தது.

"என்ன மாப்பிள்ளை?"

"விரல்ல இருக்கிற கிளிப்பை ஒரு நொடி சிஸ்டர் கழட்டுவாங்க மாமா."

"கழட்டினா செத்துட்டேன்னு காட்டுமா?"

"காட்டணும் மாமா. உங்க கட்டில்லயே காட்டணும்."

மேசைக்குப் போய்த் திரைமுன் நின்றுகொண்டான். நர்ஸ் கிளிப்பைக் கழற்றினார். ஆறாம் கட்டிலின் நாடிக்கோடு நேராகப் படுத்தது. ஆறு மட்டும்தான். தன் மாமனாரின் கோடு படுப்பதைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்ட ஒரே மருமகன் உலகத்தில் அவனாகத்தான் இருக்கும்.

"போதுமா, போட்டுக்கவா?" என்றது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்த நூல் குரல்.

"போட்டுக்கோங்க மாமா" என்றான், கோடு எழும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.