கியான்சே வழியாக மெட்ராஸ்

ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் நாற்காலியை விட்டு நகராமல் இருப்பதுதான் டிராவல் ஏஜென்ட் வேலை. கிரீன் கார்டு வரும்வரை நாட்டை விட்டு அசையப் பயந்து கிடந்தவரா நீங்கள்? அப்படியானால் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் நான் பட்ட வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சுவரில் இரண்டு கண்கள்

என் மேஜைக்கு எதிரே ஒரு போஸ்டர். திபெத்தில் கியான்சே என்ற பழைய ஊர். அடுக்கடுக்காக வெள்ளை ஸ்தூபி, உச்சியில் வரைந்த பெரிய கண்கள். மத்தியானம் போன் ஓய்ந்ததும் அவை என்னைப் பார்க்கும், நான் அவற்றைப் பார்ப்பேன். காற்றில் பிரார்த்தனைக் கொடிகள் படபடப்பதுகூடக் கேட்கும். ஒருநாள் பக்கத்து ஊரான மில்பிடாஸிலிருந்து டிக்கெட் எடுக்க வந்த அங்கிள் ஒருவரும் அதையே வெகுநேரம் பார்த்தார். அப்பாடா, துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன்.

"ஏம்மா, மெட்ராஸ் போற வழில ரெண்டு நாள் இறங்கிப் பார்க்க, இதை ஃப்ரீ ஸ்டாப்ஓவரா போட முடியுமா?" என்றார்.

லீவு யாருடையது?

ஒருவழியாகக் கார்டு வந்தது. இருந்ததோ இரண்டு வார லீவு. நம்மவர்களுக்கு அந்த இரண்டு வாரம் சொந்தமில்லை, அது மெட்ராஸுடையது. மாம்பலத்தில் அம்மா தனியாக என் வரவுக்குக் காத்திருந்தாள். அம்மாவா, கியான்சேயா? போஸ்டரைப் பார்க்கவே அழுகை வந்தது. பக்கத்து மேஜை மீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்கும் சேர்த்து புக் பண்ணேன்டி, நீயெல்லாம் என்ன ஏஜென்ட்?"

ஒரே ஒரு கேள்வி

திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். குளிர், உயரம், மூச்சுத் திணறல், பர்மிட் தொல்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"அங்க தயிர் கிடைக்குமோ?" என்றாள் கடைசியில்.

கண்களுக்குக் கீழே

கிடைத்தது, கட்டித் தயிர். அந்த உயரத்தில் சாதம்தான் சரியாக வேகவில்லை. ஸ்தூபியில் படிப்படியாக ஏறினோம். ஒவ்வொரு அறையிலும் வெண்ணெய் விளக்கு வாசனை, சுவரெல்லாம் சாந்தமான முகங்கள். பாதியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு திட்டில் உட்காரவைத்தேன். மெதுவாக மூச்சு சீரானது. தலைக்கு மேலே அந்தக் கண்கள். கீழே பார்லி வயல், மண் வீடுகள், குன்றின்மேல் கோட்டை. கனவிலிருந்து பேசுகிறவள் போல அம்மா சொன்னாள்:

"நீ வரேன்னா எனக்கு அடுப்படிதான் ஞாபகம் வரும். இப்படி என்னை ஒருத்தரும் எங்கயும் கூப்பிட்டதில்லைடி."

இப்போதெல்லாம் என் லீவுக்கு அம்மாதான் ரூட் போடுகிறாள். அதில் மெட்ராஸ் வெறும் ஸ்டாப்ஓவர்.