காபி குடித்துவிட்டு மிரட்டியவர்கள்

எங்கள் பக்கத்தில் வாசலில் வந்து நிற்கிறவரை "வாங்க" என்று கூப்பிடாமல் இருப்பது கை நீட்டி அடிப்பதைவிடப் பெரிய அவமானம். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளியாக இருந்தாலும் முதலில் வாங்க, அப்புறம் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சண்டை. இந்தப் பாழாய்ப்போன மரியாதையால்தான் நான் போலீஸ் ஸ்டேஷனில் திருதிருவென்று விழிக்க வேண்டி வந்தது.

நான் ஒரு நாளிதழுக்குப் பெருந்துறைப் பகுதி நிருபர். விபத்து, தீ மிதிக்கிற குண்டம் திருவிழா, மஞ்சள் விலை எல்லாம் என் தலையில்தான். என் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டியே பைக் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். ஒரே மகள் கோவை பீளமேட்டில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒரு சாயப்பட்டறை, கழிவுநீரை மழைக்கால ஓடையில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. இரண்டு பாகமாக எழுதத் திட்டமிட்டேன். முதல் பாகத்தில் கிணறுகளைப் பற்றி மட்டும் எழுதினேன். யார் திறந்துவிடுகிறார்கள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

அது அச்சில் வந்த மறுநாள் காலை இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் வாங்க என்றார், நாற்காலி போட்டார், தானே காபி கலந்து கொடுத்தார். சும்மா இருக்கிற மனிதரா, அவர்கள் குடிப்பதற்குள் அந்த பைக்கின் பிரேக்கையும் முடுக்கிக் கொடுத்துவிட்டார். நான் உள்ளேயிருந்து வந்தபோது அவர்களில் பெரியவர், தான் பட்டறை முதலாளி அனுப்பி வந்ததாகச் சொல்லிவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தார்.

"பாப்பா வெள்ளிக்கெழம பஸ்ஸ உட்டு எறங்கித் தனியாத்தான் நடந்து வருதுங்க. ரோட்டுல லாரியெல்லாம் கண்ணுமண்ணு தெரியாம வருதுங்க. அடுத்த வாரம் எழுதறதுக்கு முன்னால அம்மணி அதைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. வாரோமுங்க."

சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதுவரை என் எழுத்தில் ஒரு வார்த்தை குறுக்கே பேசாதவர், இரண்டாம் பாகம் வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். கெஞ்சினார். மகளைப் பணயம் வைத்து எழுத எனக்கும் துணிவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அத்துமீறி நுழைந்தார்களா என்றார். இல்லை, நாங்கள்தான் கூப்பிட்டோம். கெட்ட வார்த்தை பேசினார்களா? இல்லை, எல்லாம் 'ங்க' போட்டுத்தான். "காபியுங் குடுத்து, பிரேக்கும் டைட் பண்ணி அனுப்பிச்சிருக்கீங்க. இதை நான் என்னன்னு எழுதறதுங்க?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கோவை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். செய்தி ஆசிரியர் ஒன்றை நினைவுபடுத்தினார். பத்திரிகையாளர்களின் பாதுகாப்பை உறுதி செய்யுங்கள் என்று டெல்லியிலிருந்து உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது அவரிடம் நான்தான் கேலி பேசியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, டெல்லியில் தும்மினால் பெருந்துறையில் கேட்குமா என்று. அவர் அதை மேற்கோள் காட்டி மாவட்டப் போலீஸ் தலைமைக்கு எழுதினார். நகலை டெல்லிக்கும் அனுப்பினார்.

தும்மல் பெருந்துறையில் கேட்டது. இரண்டாம் நாள் டி.எஸ்.பி. என்னைக் கூப்பிட்டுப் பேசினார். காபி கொடுத்ததால் மிரட்டல் மிரட்டல் இல்லையென்று ஆகிவிடாது என்று இன்ஸ்பெக்டரிடம் என் முன்னாலேயே சொன்னார். வழக்குப் பதிவானது. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் காவலர் நின்றார். மகளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் நின்று நன்றாக அழுதேன். எங்கேயோ எழுதிய ஒரு தாள், நடந்து நடந்து என் மகள் இறங்குகிற பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்துவிட்டதே என்று இருந்தது. அது சட்டம் இல்லை, வெறும் அறிவுறுத்தல்தான் என்பது எனக்குத் தெரியும். சட்டமே வேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. என்றாலும் அந்த வெள்ளிக்கிழமை நன்றி சொல்லத்தான் தோன்றியது.

எழுதி முடித்த இரண்டாம் பாகம் என் போனில் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சரி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அனுப்பக் கடைசி நாள் சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை அதே பைக் வாசலில் வந்து நின்றது. அதே இரண்டு பேர். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம் என்று வந்திருப்பார்கள். உட்கார்ந்து பேசலாமுங்களா என்றபடி பெரியவர் வாசல் கேட்டைத் தொட்டார்.

வீட்டுக்காரர் ஒரு வண்டியின் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் நான் பார்த்ததே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்ற பெரியவரின் முகம் சுருங்கிப்போயிற்று. ஊரில் தலை காட்டுகிற மனிதர். அடி வாங்கியிருந்தால்கூட அப்படி ஆகியிருக்க மாட்டார்.

"பேசறதுன்னா ஸ்டேசன்ல பேசிக்கலாமுங்க," என்றார் வீட்டுக்காரர்.

அவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், இரண்டு காபி கலந்தார், ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"மீதியையும் அனுப்பிச்சுப்போடு அம்மணி. பாப்பாளக் கூட்டிட்டு வர இனி நானும் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்," என்றார்.

காபி ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.