தண்ணீர் நிற்கும் என்று எழுதிய பாவி நான்தான்

வலைப்பதிவு எழுதுவது, ஊரே காலி செய்துகொண்டு போன தெருவில் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற தொழில். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பகல் முழுக்க மாரடித்துவிட்டு, கரையான்சாவடி வீட்டுக்கு வந்து குக்கர் வைத்த கையோடு நான் பார்க்கிற உபதொழில் இது. என்னைப்போலக் கடையை இன்னும் மூடாமல் உட்கார்ந்திருக்கும் சக பதிவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். வெட்கப்படாமல் படியுங்கள்.

மொய்க்கு மொய்

பதிவர்களுக்குள் ஒரு மொய்ப் பழக்கம் உண்டு. நான் உங்கள் பதிவின் கீழே ‘அருமை’ என்று எழுதினால், நீங்கள் என் பதிவின் கீழே ‘அருமை’ என்று எழுத வேண்டும். படித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்யாணத்தில் மொய் வைக்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டா வைக்கிறார்கள்?

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் ஆபீஸ் சுமதி பாரிவாக்கத்தில் புது அடுக்குமாடியில் தரைத்தளத்து வீடு வாங்கினாள். கிரகப்பிரவேசச் சாப்பாடு செரிப்பதற்குள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அளவு தண்ணீர். வாஷிங் மெஷின் மிதந்துபோய் பூஜை அறை வாசலில் நின்றது. சுமதி சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்து அழுதாள். தண்ணீர் வடிந்ததும் நேரில் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் படம் எடுத்தேன். அந்த இடம் முன்பு வயல் என்பதையும், ஓரத்தில் ஓடிய கால்வாயை மூடித்தான் காம்பவுண்டு எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் விசாரித்து, வயிறெரிந்து ஒரு பதிவு எழுதினேன். இனி ஒருத்தரும் அங்கே தரைத்தளம் வாங்கி ஏமாறக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

முதல் பின்னூட்டம் என் நெடுநாள் மொய் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது: “அருமை சகோதரி! இதுபோல் இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்.”

சித்திரை மாதத்து உண்மை

பிறகு ரீல்ஸ் காலம் வந்தது. பதிவர்கள் ஒவ்வொருவராகக் கையில் குச்சியும் போனுமாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் தினேஷ், ஐ.டி. கம்பெனிக்காரர், சனி ஞாயிறுகளில் வீடு சுற்றிக் காட்டும் ரீல் போடுகிறவர். சுமதி வாங்கிய அதே இடத்தில், பக்கத்து நிலத்தையும் சேர்த்து இரண்டாவது கட்டடம் எழும்பியபோது, இவர் ட்ரோன் எல்லாம் பறக்கவிட்டு, ‘பூந்தமல்லி பக்கத்துல இப்படி ஒரு சொர்க்கமா!’ என்று அரை நிமிடம் பேசிவிட்டார். ஊரே லைக் போட்டது. என் வீட்டுக்காரரும் போட்டார். என் பதிவுக்கு இன்றுவரை அவர் ஒரு ‘அருமை’கூடப் போட்டதில்லை.

படிக்கட்டில் தினேஷை மறித்து, அங்கே தண்ணீர் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா, என் பதிவை நீங்களே படித்ததாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். மனிதர் துளிகூட அசரவில்லை.

“அக்கா, நான் எடுத்தது சித்திரை மாசம். அப்ப ஒரு சொட்டு தண்ணி இல்ல. நான் பொய்யே சொல்லல.”

ஃபார்வர்டு

அடுத்த மழையில் எங்கள் குடியிருப்போர் குரூப்பில் காலங்காத்தாலே ஒரு நீளமான செய்தி வந்து விழுந்தது. ‘பாரிவாக்கத்தில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு’ என்ற தலைப்பு. கீழே வரி வரியாக என் பதிவு. என் பெயரை மட்டும் பல்லைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கியிருந்தார்கள். அந்த இடத்தில் ‘ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர்’ என்று போட்டிருந்தது. முழங்கால் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது, கூடவே முதலை ஒன்றும் சேர்ந்திருந்தது.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது நான் எழுதியது, முதலை என்னுடையதல்ல என்று இணைப்போடு போட்டேன். ஒருத்தர் அந்த இணைப்பைத் தட்டியிருக்க வேண்டுமே! சங்கச் செயலாளர் மட்டும் பெரிய மனது பண்ணிப் பதில் சொன்னார்.

“மேடம், ஃபார்வர்டுக்கு எல்லாம் ஓனர் கிடையாது. மெயின்டனன்ஸ் விஷயம் மட்டும் இங்க பேசுவோம். குட் மார்னிங்.”

சாவாத பதிவு

படிக்க நாதியில்லை என்று நான் முடிவு கட்டியிருந்த நேரத்தில், ஏழுமலை ஆள் அனுப்பினார். அந்த இரண்டு கட்டடங்களையும் கட்டியவர் அவர்தான். பரம்பரையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். இப்போது மெயின் ரோட்டில் ஏசி வைத்த ஆபீஸ். ரோஸ்மில்க் வரவழைத்துக் கொடுத்தார். விஷயம் இதுதான்: பாரிவாக்கத்தில் தரைத்தள வீடு என்று இணையத்தில் யார் தேடினாலும் முதலில் என் பதிவுதான் வந்து நிற்கிறதாம். புதுக் கட்டடத்தில் தரைத்தளம் மட்டும் அப்படியே தேங்கிக் கிடக்கிறதாம். அந்தப் பதிவை நீக்கிவிட்டு, அவர் கம்பெனிக்கே மாதாமாதம் ‘ப்ளாக்’ எழுதித் தர வேண்டுமாம். பாரிவாக்கத்தில் குடியேறப் பத்துக் காரணங்கள், இந்த மாதிரி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமே வரவில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு கவலைப்பட்டது அன்றுதான். நெல்லுக்கு நின்ற தண்ணீர் வீட்டுக்கு மட்டும் நிற்காதா அண்ணே என்று கேட்டுவிட்டு, முடியாது என்று எழுந்தேன்.

அவர் மிரட்டவில்லை, பெருமூச்சுதான் விட்டார். “ரீலு ஷோக்கா போட்டோம்மா, ரெண்டு நாள்ல பூட்டுது. உன்னுது இன்னாடான்னா சாவவே மாட்டேங்குதே.”

கிடைத்த ஒரே வாசகர்

போன ஆடியில் ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். ‘அருமை’ இல்லை. கேள்வி! பெயர் கார்த்திக், தேனிப் பக்கம், போரூர் தாண்டி ஐ.டி. வேலை, ஐயப்பன்தாங்கலில் வாடகை வீடு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது, படி ஏற முடியாது, அதனால் ஏழுமலையின் தரைத்தளத்தை வாங்கலாம் என்று இருக்கிறேன், நீங்கள் எழுதியது இப்போதும் உண்மையா என்று கேட்டிருந்தார்.

அழுகையே வந்துவிட்டது எனக்கு. இந்த ஒருத்தருக்காகத்தானே அன்றைக்கு அத்தனை பாடுபட்டு எழுதினேன்! போன் நம்பர் வாங்கி, குழம்பு அடிப்பிடித்தது தெரியாமல் பேசினேன். சுமதியிடமும் பேச வைத்தேன். பதிவில் போடாத படங்களையும் அனுப்பினேன். நடக்க முடியாத அம்மாவைத் தண்ணீர் ஏறுகிற வீட்டில் வைக்காதே தம்பி என்று கெஞ்சாத குறை. அவரும், நல்லவேளை மேடம், கடவுள் மாதிரி காப்பாத்தினீங்க என்றார். அன்றிரவு என் வீட்டுக்காரரிடம், பதிவு எழுதி என்ன கிழித்தாய் என்று இனி கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

ஆவணி முடிவதற்குள் கார்த்திக்கே போன் செய்தார், கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க. எந்த வீடு என்று கேட்டேன். அதே வீடுதான். என் பதிவையும் படங்களையும் பிரிண்ட் போட்டு ஏழுமலையின் மேஜைமேல் பரப்பி, அடித்துப் பேசி, விலையைப் பாதாளத்துக்கு இறக்கி வாங்கிவிட்டாராம். மழை நாளில் அம்மா என்ன செய்வார்கள் என்றேன். அந்த ஒரு மாசம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அதோடு விடவில்லை அவர்.

“நாளைக்கு நான் விக்கணும்னா எவன் மேடம் வாங்குவான்? அந்தப் பதிவக் கொஞ்சம் தூக்கிடுங்களேன், ப்ளீஸ்.”

வலைப்பதிவு செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சக பதிவர்களே, செத்துப்போன ஒன்றைக் கொல்லச் சொல்லி விற்றவரும் வாங்கியவரும் மாறி மாறி நம் வாசலுக்கு வரமாட்டார்கள்.