என் சொல்லுக்கு இறங்கிய ஆறு துப்பாக்கிகள்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷம் வெங்காயம் விற்றவள். மூட்டை தூக்க முடியாமல் போன பிறகு, எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் கிளப்பில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். யாரிடமும் கையேந்தியதில்லை, இனியும் மாட்டேன்.

துப்பாக்கி என்றதும் முதலில் வாசலிலேயே நின்றுவிட்டேன். பார்த்தால் காற்றுத் துப்பாக்கி. மிளகு அளவு ஈயக் குண்டு. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அதன் நடுப்புள்ளி என் மூக்குத்தியை விடச் சிறியது. ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்று சுடுவார்கள். பழைய அட்டையைக் கழற்றிப் புதிது மாட்டுவதும் என் வேலைதான்.

முதல் நாளே பயிற்சி கொடுக்கும் மேடம் என்னைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொன்னார்: "இங்க யாரு 'நிறுத்து'ன்னு சொன்னாலும் துப்பாக்கி கீழ போயிடணும். நான் சொன்னாலும் சரி, இந்தம்மா சொன்னாலும் சரி. ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டில் தொண்டை கிழியக் கத்தியும் எனக்காக ஒரு தள்ளுவண்டி நின்றதில்லை. வீட்டிலும் அதே கதைதான்.

மாநிலப் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பொன்மலையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண்தான் முன்னால் இருந்தாள். பதினைந்து வயசு இருக்கும். ஒரு வருஷமாக அதற்கென்றே உழைத்தவள். இன்னும் இரண்டு குண்டுதான் பாக்கி. நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவு மெல்லத் திறந்தது. கதவிடுக்கில் சிவப்பாக ஒரு ஆள் அசைவது தெரிந்தது.

"நிறுத்து!"

ஆறு துப்பாக்கியும் கீழே இறங்கின. ஆறு பேரும் ஒரு அடி பின்னால் வந்து நின்றார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மேடம் போய்ப் பார்த்தார். ஆளும் இல்லை, பேரும் இல்லை. காலையில் தரை கழுவும்போது நனைந்துபோன என் சிவப்புச் சேலையை நான்தான் அந்தக் கதவின் மேல் காயப் போட்டு, கொண்டி போட மறந்திருந்தேன்.

மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் அடுத்த குண்டு விலகிப் போயிற்று. ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு வேறொருத்திக்குப் போனது.

துடைப்பத்தை மூலையில் சாத்தினேன். "நாளையிலேருந்து நான் வரலீங்க மேடம்."

"சேலைய அங்க போட்டது தப்பும்மா. கத்துனது தப்பில்ல. சந்தேகம் வந்தா அடுத்த தடவையும் கத்துங்க" என்றார். துடைப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டு போனாள். கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய்ச் சைக்கிளை எடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் பிள்ளைகள் ஊர் வேலைக்குப் போவார்கள். அந்த மாதம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. காரியம் செய்தவர்கள் காவிரியில் விட்டுப்போகும் பழைய துணிகளை அள்ள வேண்டும். ஓடி ஒளிகிறவள் இல்லை நான், கூடவே போனேன். அந்தப் பெண் முழங்கால் தண்ணீரில் நின்று, குச்சியால் ஒரு சிவப்புச் சேலையைத் தூக்கினாள்.

"ஆயாம்மா! இங்க ஒரு ஆளு நிக்குது, கத்துங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏன்டி, உன்னோட வாய்ப்பக் கெடுத்தவகிட்டயே விளையாடுறியா?"

"நீங்க எங்க கெடுத்தீங்க? நடுவுல நின்னுட்டுத் திரும்பச் சுட எனக்குத் தெரியல. அதத்தான் இப்பப் பழகுறேன். அன்னிக்கு நெசமாவே ஆளா இருந்திருந்தா? சும்மா கத்துங்க ஆயாம்மா, பாப்போம்."

கத்தினேன்.

அத்தனை பிள்ளைகளும் குச்சியைப் படியில் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய் நின்றார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொம்பைத் தூக்கிய ஒரு பெரியவரும் அப்படியே நின்றுவிட்டார்.

இந்த வயசில் இப்படி ஒரு மரியாதையை எனக்குக் கொடுத்த பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

"சரி சரி, வேலையப் பாருங்க" என்றேன். பெரியவரிடம், "நீங்க குளிங்க சாமி."