பின் சக்கரத்துக் காற்று

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். என் கணவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸில் சுகமாகத் தூங்குகிறது. ஒரே ஒரு தடவை, லஸ் கார்னர் சிக்னலில், பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்ததில் வண்டியை அப்படியே விட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்து, நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டான். அதோடு சரி. ஆபீஸுக்கு மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் போய்வருகிறான். நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் நீ, வா, போ என்றுதான் பேச்சு. மாமியார் வந்திருந்தால் மட்டும் நான் 'நீங்க' போடுவேன், அவன் சிரிப்பை அடக்கிக்கொள்வான்.

ஆனால் கார்களைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால் பந்தய மைதானத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்று நினைப்பீர்கள். எல்லாம் டிவியில் ஓடும் பந்தய விளையாட்டு தந்த அறிவு. அதிலும்கூட ஓட்டுவதில் அவனுக்கு ஆசை கிடையாது. வண்டியை 'செட்' பண்ணுவதில்தான் பைத்தியம். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், பிரேக் முன்னால் அதிகம் பிடிக்கவேண்டுமா பின்னால் அதிகமா, எந்த டயரில் எவ்வளவு காற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும். மாற்றிவிட்டு கன்ட்ரோலரை என் கையில் கொடுப்பான். நான் ஓட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

எனக்கு அந்த எண்களெல்லாம் தெரியாது. மூக்கு திரும்ப மாட்டேங்குது என்பேன், வால் ஆடுது என்பேன். உடனே அவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "உள்ள போகும்போதா, வெளிய வரும்போதா?" அதாவது, வளைவுக்குள் நுழையும்போது ஆடுகிறதா, வளைவை முடித்து வேகமெடுக்கும்போது ஆடுகிறதா. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது மாதிரி அவனுக்கு அது அவ்வளவு முக்கியம். நான் பதில் சொன்னதும் ஏதோ ஓர் எண்ணைத் தட்டுவான். அடுத்த சுற்றில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இதை அவனிடம் சொன்னதில்லை, தலைக்கு ஏறிவிடும்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குச் சண்டை வரும். கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கிறது. சுவரில் மோதிவிட்டால் அதை அழுத்தினால் போதும், நடந்ததெல்லாம் பின்னோக்கி ஓடி, மோதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி முழுசாக நிற்கும். மோதினால்தான் எந்த எண் தப்பு என்று தெரியும், அழுத்தாதே என்பான் அவன். எனக்கு வெட்கமே கிடையாது. வண்டி லேசாக வழுக்கினாலே விரல் தானாக அங்கே போய்விடும்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அடையாறில். சாயங்காலம் நான்தான் கூட்டிவருவேன். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே அவனிடம், ஈர ரோட்டில் நம்ம வண்டிக்கு வால் லேசாக ஆடுவது போலிருக்கிறது என்று சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், கீழே பார்க்கிங்கில் பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். கையில், காற்று அளக்கும் மீட்டரோடு வரும் சின்ன பம்ப். புதிதாக வாங்கியிருக்கிறான். நிஜக் காரை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன் நமக்காக வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்கு அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. காபி போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டு, அடையாறு பாலம் ஏறினேன். ஏறும்போதே வண்டி என்னவோ செய்தது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் தொட்டால், பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக, மனசில்லாமல் கூட வருகிற மாதிரி இருந்தது. மழைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். வலதுபக்கம் ஒரு பஸ் உரசுவது போல வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வைப்பர் தள்ளத் தள்ளத் தண்ணீர்.

பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கில் கால் வைத்து இடதுபக்கம் ஒடித்தேன். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை, அது தனியாகக் கிளம்பி பஸ்ஸைப் பார்த்துப் போனது. என் குழந்தை உட்கார்ந்திருந்தது அந்த வலதுபக்க ஓரத்தில்தான். பஸ்ஸின் சக்கரம் அவள் ஜன்னலை நிறைத்துக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கத்தவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. கைகள் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டின, அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. வண்டி ஒரு உதறு உதறி, குறுக்கே வழுக்கி, நடைபாதைக் கல்லில் சக்கரம் இடித்து நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

உயிரோடு இருக்கிறோம் என்று புரிந்த பிறகுதான் என் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஸ்டீயரிங்கை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பட்டன் ஒன்றும் இல்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். நான் நிறுத்தச் சொல்லியும் அது நிற்கவில்லை, இடது கையால் பிடித்துத்தான் நிறுத்தினேன். பஸ்ஸைவிட அந்த விரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் குழந்தையின் உயிருக்கு முன்னால் என் உடம்பு நம்பியது அந்த விளையாட்டுப் பட்டனைத்தான்.

மகள், ஏம்மா இங்க நிறுத்திட்ட என்று கேட்டாள். சும்மா என்றேன். வண்டியை ஓரங்கட்டி, போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"வண்டி வழுக்கிடுச்சு. பாப்பா நல்லாருக்கா. வால் தனியா போகுது," என்றேன்.

"உள்ள போகும்போதா, வெளிய வரும்போதா?" என்றான்.

பழக்கத்தில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு அவனுக்கே உறைத்திருக்கவேண்டும், அந்தப் பக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்டி காத்தைக் குறைச்சேன்," என்றான் கடைசியில். "முப்பது இருந்துச்சு. இருபது ஆக்கினேன். கேம்ல வால் ஆடினா அப்படித்தானே பண்ணுவோம். நீ ஓட்டாத. அங்கேயே இரு, வரேன்."

விளையாட்டில் காற்றைக் குறைத்தால் டயர் ரோட்டை நன்றாகக் கவ்வும். அவனுடைய விளையாட்டில் அது உண்மை. அடையாறு பாலத்தில், தேய்ந்த டயரில், தேங்கிய தண்ணீரில், காற்றிறங்கிய சக்கரம் என்ன செய்யும் என்று அவன் யோசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. இதுவரை அவன் எண்ணை மாற்றி நான் ஓட்டியபோதெல்லாம் சரியாகத்தானே வந்திருக்கிறது.

ஆட்டோவில் வந்து இறங்கினான். வழியில் வீட்டிலிருந்து எடுத்துவந்த பம்பைச் சட்டைக்குள் வைத்து அணைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. முதலில் பின் கதவைத் திறந்து மகளின் தலையைத் தொட்டான், கையைத் தொட்டான், காலைத் தொட்டான். ஏம்பா ஈரக்கையால தொடுற என்று அவள் அலுத்துக்கொண்டாள். பிறகு மழையில் குந்தி உட்கார்ந்து காற்றடிக்க ஆரம்பித்தான். வண்டியில் குடை இருந்தது. நான் இறங்கவும் இல்லை, குடை பிடிக்கவும் இல்லை. அவன் நனையட்டும் என்று இருந்தது. நனைந்து காய்ச்சல் வந்து கிடக்கட்டும் என்றுகூட இருந்தது.

காற்றடித்து முடித்து என் ஜன்னலுக்கு வந்தான். மூணு பேரும் ஆட்டோவில் போய்விடலாம், வண்டி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு மெக்கானிக்கைக் கூட்டிவரலாம் என்றான்.

இறங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் இப்போது இறங்கினால் நானும் அவனைப் போல பறக்கும் ரயிலோடு நின்றுவிடுவேன் என்று பட்டது. வண்டியைச் சுற்றி நடந்து சக்கரங்களை ஒருமுறை பார்த்தேன். மழையும் விட்டிருந்தது.

"நீ வண்டில ஏறு," என்றேன். "நீ மாத்தினதுல நாங்க உக்காந்து வந்தோம்ல. நீயும் உக்காரு."

மறுபேச்சில்லாமல் ஏறினான். என் இடதுபக்க சீட்டில், சொட்டச் சொட்ட உட்கார்ந்து பெல்ட் போட்டான். அந்த விரல் விஷயத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதாக இல்லை.

சைக்கிளில் போகிறவர்கூட எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில் ஓட்டினேன். இப்போது வண்டி ஒழுங்காக வந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் கூட வருகிறதா என்று முதுகால் கேட்டுக்கொண்டே போனேன். மகள் தூங்கிவிட்டாள். மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டியது. பிரேக் போட்டேன். வண்டி நேராக, சமர்த்தாக நின்றது.

திரும்பி அவனைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வலது கை முட்டியின் மேல் இருந்தது. அதன் கட்டைவிரல் ஈரப் பேன்ட்டை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தது.

என் இடது கையை கியரிலிருந்து எடுத்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். பஸ் முழுசாக வெளியே வந்து போகும்வரை அப்படியே நின்றோம்.